வாசிப்பதும் அடிப்பதும்

இப்போது என்ன படிக்கிறாய், என்ன கேட்கிறாய், என்ன பார்க்கிறாய் என்று எழுதித்தரச் சொன்னார்கள் தோழர்கள். சுலபமான வேலைதான் என்று ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஒரு வருசமாக நான் படித்தது, கேட்டது, பார்த்தது எல்லாமே பெரியப்பா வீட்டுப் பரணில் சாக்குச் சுற்றிக் கிடக்கிற ஒரு பறையில் போய்த்தான் முட்டுகிறது. அதனால் பறையிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் 'வாசிப்பு' என்கிற சொல்லுக்கு இரண்டு பொருள். புத்தகத்தை வாசிக்கலாம். நாதசுரம், வீணை, மிருதங்கமும் வாசிக்கலாம். ஆனால் பறையை யாரும் வாசிப்பதில்லை. பறையை 'அடிக்கிறான்'. மிருதங்கம் வாசிப்பவர் வித்வான், அவருக்கு 'ஆர்' விகுதி. பறை அடிப்பவன் பறையன், அவனுக்கு 'அன்' விகுதி. இரண்டிலும் தோல்தான். இரண்டிலும் கைதான். விகுதியில் இருக்கிறது சாதி. எம்.ஏ. தமிழ் படித்தபோது இதை எனக்கு எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறார் என்றும், புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கும்தான் குடிகள் என்று மாங்குடி கிழார் பாடியிருக்கிறார் என்றும் வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். பெருமை பாட்டோடு நின்றுவிட்டது. அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் "நீ எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு" என்று கேட்டவர்களும் அவர்களேதான்.

டி.எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை இப்போதுதான் முழுசாகப் படித்து முடித்தேன். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிய புத்தகம். மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றையும் பதப்படுத்தி, அறுத்து, இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் பெயர் தெரிந்த அளவுக்கு, அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியவைத்த வகையில் இது முக்கியமான நூல். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டைப் பற்றிப் பேசாமல் மாட்டுத்தோலில் நாதம் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற பழக்கத்தை அந்த ஒரு செயலே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. நூலில் வித்வான் தேடிப் போகிறார், கைவினைஞர் பதில் சொல்கிறார். கேள்வி ஒருபக்கம் இருக்கிறது, பதில் ஒருபக்கம் இருக்கிறது. செபாஸ்டியன் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எழுதியிருந்தால் எங்கே தொடங்கியிருப்பார்? மேடையிலிருந்து தொடங்கியிருக்க மாட்டார். தோல் ஊறுகிற தொட்டியின் நாற்றத்திலிருந்து தொடங்கியிருப்பார். இதைக் கிருஷ்ணாவின் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதவேண்டியவன் இன்னும் எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுதியவர் ஒருவர் உண்டு. கே.ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தது. மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். இளையான்குடியில் இசுலாமியர் மத்தியில் மனுசனாக நடமாடுகிற பையன், சுற்றுக் கிராமத்துக்குப் போனால் வேறு ஆளாக ஆக்கப்படுகிறான். அலங்காரம் இல்லாத எழுத்து. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். அவருக்குக் குரல் இருந்தது. அந்தக் குரல் அவரை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது, தன்னானே கலைக்குழு, பல்கலைக்கழகம் என்று வளர்த்தது. 2016இல் அவர் இறந்தபோது நாங்கள் பறையடித்துத்தான் அஞ்சலி செலுத்தினோம். பாட்டு மனுசனோடு போகும். பறை அப்படியில்லை. அதை ஊர் கட்டிப்போட்டிருந்தது. சாவு விழுந்தால் அடி, சாமி புறப்பட்டால் அடி, தண்டோரா போட அடி என்று அழைப்பு வரும். அழைப்பு இல்லை, உத்தரவு. இந்த வித்தியாசத்தை 'வடு'வில் தேடிப்பார்த்தேன். அவர் பாடகர், அவருடைய வழி வேறாக இருந்திருக்கிறது.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். எங்கள் வட்டாரம் காட்டுமன்னார்கோயில். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை குறித்த குழுவுக்குத் தலைவராக இருந்தாரே எல். இளையபெருமாள், அவருடைய மண். பறையடிக்கிற இழிவை விடுங்கள் என்று சொன்னவர் அவர். எங்கள் காலனிக்கு அது வந்து சேர நாளாயிற்று. நான் இரண்டாங்கிளாஸ் படிக்கும்போது, ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பெரியப்பா போகவில்லை. காலனியே போகவில்லை. அந்த வருசம் நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் பெண்களைக் கூப்பிடவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் அடுத்த ஊருக்கு நடந்தே போய் வேலைசெய்தார்கள். பறை பரணுக்குப் போனது அப்போதுதான்.

இருபது வருசம் கழித்து நான் ஒரு பயிற்சி முகாமில் பறை கற்றுக்கொண்டேன். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவது, அடிக்குச்சி எந்தக் கையில், சுண்டுக்குச்சி எந்தக் கையில் என்று எல்லாம் புதுசாகக் கற்றேன். ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். பரணில் கிடக்கிறதை எடுத்துக் கொடுங்கள், அது பழைய மரம், நாதம் நன்றாக இருக்கும் என்றேன்.

"எடுக்காத."

"பெரிப்பா, அது இழிவில்ல. அது நம்ம கலை. ஆதி இசை."

"நீ மேடையில அடிப்ப, துண்டு போடுவாங்க. நான் அடிச்சப்ப தூரத்துல நின்னு சாராயத்த ஊத்துனான், கையேந்திக் குடிச்சேன். ரெண்டும் ஒண்ணாடா?"

எனக்குப் பதில் இல்லை. ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' (1993) என் பையில் இருந்தது. இழிவென்று சுமத்தப்பட்டதையே எடுத்துக் கலகமாக மாற்றவேண்டும் என்று கூட்டங்களில் பேசிப் பழகிய வாய் இது. பெரியப்பா முன்னால் அது திறக்கவில்லை. ஏனென்றால் அவர் செய்ததும் கலகம்தான். அடிக்காமல் இருந்தது அவருடைய கலகம். அடிப்பது என்னுடைய கலகம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் அன்றைக்கு விட்டிருக்காவிட்டால் நான் இன்றைக்கு விரும்பி எடுத்திருக்க முடியாது, என் கையிலும் அது கட்டாயமாகத்தான் வந்திருக்கும்.

இப்போது கேட்பதற்கு வருகிறேன். எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் செல்போனில் கேட்பது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய குழு. அயோத்திதாசர் பேசிய சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். வடசென்னையில் சாவு வீட்டில் பாடிக்கொண்டிருந்த கானாவை மேடைக்குக் கொண்டுவந்து, இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். பிள்ளைகள் ஆடுகிறார்கள், நானும் ஆடுகிறேன். ஆனால் சினிமாக்காரன் கதாநாயகன் வருகைக்குப் பறையை முழக்கும்போது எனக்குக் கை சும்மா இருக்கிறது. அதில் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அடிக்கிறவன் முகத்தைக் காட்டுவதில்லை. பர்லாந்துக்கு நேர்ந்ததுதான் இவனுக்கும்.

போன மாதம் இரவுப் பள்ளியில் 'பரியேறும் பெருமாள்' (2018) போட்டோம். திரை இல்லை, வேட்டியைக் கட்டிவிட்டோம். பெரியப்பாவும் வந்து கடைசியில் உட்கார்ந்தார். பெண்வேசம் கட்டி ஆடுகிற அப்பனைக் கல்லூரிக்குக் கூட்டிவரக் கூச்சப்பட்டு, யாரோ ஒருவரை அப்பாவாகக் காட்டுகிறான் பரியன். பிறகு உண்மையான அப்பன் வருகிறான். மாணவர்கள் அவன் வேட்டியை உருவ, அவன் ஓடுகிறான். அந்த இடத்தில் பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படத்தில் எத்தனையோ பேர் கறுப்பியைப் பற்றியும் கடைசிக் காட்சியின் தேநீர் தம்ளர்களைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த அப்பன்தான் படம். மாரி செல்வராஜ் அவனுடைய கலையை உயர்த்திக் காட்டவும் இல்லை, இழிவாகக் காட்டவும் இல்லை. அவன் பிழைப்பு அது, அவ்வளவுதான். கலையைக் கொண்டாடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து கொண்டாடட்டும்.

'லப்பர் பந்து' (2024) படத்தைப் பிள்ளைகள் இரண்டு தடவை போடச் சொன்னார்கள். திறமை இருந்தும் சாதியால் ஊர் டீமில் சேர்க்கப்படாத பையனின் கதை. படம் பார்த்த மறுநாள் எங்கள் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கத்து மைதானத்துக்கே போனார்கள். விளையாட விட்டார்கள். பந்து பொறுக்க மட்டும் விட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. ஒரு பிள்ளை வந்து என்னிடம் கேட்டது: "சார், நாளைக்கும் போவலாமா, வேணாமா?"

போ என்று சொன்னால் நாளைக்கும் பந்து பொறுக்குவான். போகாதே என்று சொன்னால் மைதானம் அவர்களுடையதாகவே இருந்துவிடும். புத்தகமும் பாட்டும் படமும் எனக்குத் தராத கேள்வியைப் பதினோரு வயசுப் பிள்ளை கேட்டுவிட்டது. பெரியப்பாவிடம் போய்க் கேட்கச் சொன்னேன். தப்பித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பெரியப்பா சொன்னாராம்: "போங்கடா. மட்டையக் குடுத்தா ஆடுங்க. குடுக்கலன்னா பந்த அங்கியே போட்டுட்டு வந்துடுங்க. பொறுக்காதீங்க."

பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாள் ஆடினார்கள், மூன்று நாள் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். பரணில் இருக்கிற பறையை நான் இன்னும் கேட்கவில்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை. அவராக எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். பறை முழங்குவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அது முழங்க மறுத்த நாட்களைப் பற்றி யாராவது எழுதினால் நான் முதலில் அதைத்தான் வாசிப்பேன்.