உலகக் குடிமையும் கடவுச்சீட்டும்

அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளை உலகப் பொதுமையின் இலக்கியமெனப் புகழ்வது விமர்சன வழக்காகிவிட்டது. 1964இல் ‘அக்கா’ தொகுதியை வெளியிட்ட கொக்குவில் எழுத்தாளர் அவர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை அலுவலராகப் பல நாடுகளிற் பணியாற்றிக் கனடாவிற் குடியேறினார். அந்நிய மாந்தரை இகழாது பரிவுடன் நோக்கியமை அவரது சாதனையே. எனினும், அப்பரிவு கைகூடுதற்கு எல்லைகள் அவருக்குத் திறந்திருந்தமையும் ஒரு காரணமாகும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவலோ அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பத்துடன் தொடங்குகின்றது. அலுவலர் பிறரை விவரிக்கிறார். அகதியோ தன்னையே நிரூபிக்க வேண்டியவனாகிறான். இருவரும் புலம்பெயர்ந்தோரே, ஆயின் உலகு இருவருக்கும் ஒன்றன்று. உலகக் குடிமை உளப்பாங்கு மாத்திரமன்று, உரிமையுமாகும். இவ்வேறுபாட்டை மறைக்கும் ‘பொதுமை’ விமர்சனச் சொல்லாகாது. வெறும் பாராட்டுரையே ஆகும்.