உறவு சொல்லி அழைக்க முடியாதவள்: எரிக் கிளப்டனின் சுயசரிதையை முன்வைத்து

றொக் இசை எனக்குப் பழக்கமான உலகமல்ல. எரிக் கிளப்டனின் சுயசரிதையை நான் கையிலெடுத்தது லைலாவுக்காகத்தான். 1970இல் அவர் அந்தப் பெயரில் ஒரு பாடல் செய்தார், அதன் பின்னால் நிஸாமியின் காவியம் இருக்கிறது என்று நண்பரொருவர் சொல்லியிருந்தார். ஓர் ஆங்கிலேய கிற்றார் கலைஞனுக்கும் 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிக்கும் அப்படியென்ன கொடுக்கல் வாங்கல் என்று பார்க்கப் போனவனைப் பிடித்து இருத்தியது லைலா அல்ல, ஒன்பது வயதுப் பையன் ஒருவன்.

கிளப்டன் 1945 மார்ச் 30இல் இங்கிலாந்தின் சரே மாகாணத்திலுள்ள ரிப்ளி என்ற கிராமத்தில் பிறந்தவர். தாய் பற்றுக்கு அப்போது வயது 16. தகப்பன் யுத்தத்துக்காக வந்திருந்த கனேடியச் சிப்பாய். குழந்தையைக் காணாமலே ஊர் திரும்பிவிட்டான். அந்தக் காலத்து ஆங்கிலக் கிராமமும் ஊர்வாய்க்குப் பயந்த கிராமம்தான். பாட்டி றோஸும் அவருடைய இரண்டாவது கணவர் ஜாக்கும் பேரனைத் தங்கள் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். பெற்றவள் அவனுக்கு அக்காவானாள். பிறகு அவளும் இன்னொரு கனேடியச் சிப்பாயை மணந்துகொண்டு போய்விட்டாள்.

இந்த ஆரம்ப அத்தியாயங்கள்தான் புத்தகத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். பையனுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை. அவன் அறையில் இருக்கும்போதே அவன் இல்லாததுபோல் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவனுடைய தாயிடமிருந்து ஏதும் தகவல் வந்ததா என்று உறவுக்காரப் பெண்ணொருத்தி கேட்பது காதில் விழுகிறது. உண்மையில் மாமனான, ஆனால் அண்ணன் என்று அவன் நம்பியிருந்த ஒருவன், பிறப்பைச் சொல்லிப் பகிடியாகத் திட்டுகிறான். ஆறேழு வயதில் இந்தத் துண்டுகளைப் பொறுக்கி அவனே தன் கதையைக் கட்டிக்கொள்கிறான். யாரிடமும் கேட்க முடியாத இடத்தில் ஒரு கற்பனைத் தோழன் முளைக்கிறான், பெயர் ஜொனி மலிங்கோ. ஒரு குட்டிக் குதிரையும் உண்டு, புஷ்பிரான்ச். (பல்லாண்டுகளின் பின்னர் தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கே கிளப்டன் இந்தக் குதிரையின் பெயரை வைத்தார்.)

1954இல் பற் தன் மற்றப் பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறாள். ஒரு மாலை, எல்லோரும் கூடியிருக்கையில், பையன் வாய் திறந்து கேட்டுவிடுகிறான்: இனித் தன் தாயை அம்மா என்று அழைக்கலாமா என்று. சபை உறைந்துபோகிறது. அவள் கோபிக்கவில்லை. வளர்த்தவர்கள் இவ்வளவு செய்திருக்கிறார்கள், அவர்களையே தொடர்ந்து அம்மா அப்பா என்று கூப்பிடுவதுதான் நல்லது என்று அன்பாகவே சொல்கிறாள். மறுப்பு அன்பான குரலில் வந்ததுதான் இந்தக் காட்சியின் கொடுமை. உம்மா என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை யோசிக்காமல் உச்சரிக்கிறோம்! அந்த ஒரு சொல்லுக்கு அனுமதி கேட்டு, அது மறுக்கப்பட்ட பிள்ளை இவன். கிளப்டன் இங்கே அழவில்லை, தத்துவம் பேசவில்லை. நடந்ததைச் சொல்லி விலகிக்கொள்கிறார். கிறிஸ்தோபர் சைமன் சைக்ஸின் உதவியுடன் எழுதப்பட்ட நூல் இது என்றாலும், இந்தப் பக்கங்களில் வேறு கை தெரியவில்லை.

பிறகு பள்ளியில் பின்தங்கல், 13 வயதில் முதல் கிற்றார், கிங்ஸ்ரன் ஓவியக் கல்லூரியிலிருந்து வெளியேற்றம். இவற்றை வேகமாகக் கடக்கலாம். றொபர்ட் ஜோன்சனைக் கேட்ட அனுபவத்தை மட்டும் கடக்க முடியாது. 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவுசெய்து, 27 வயதில் இறந்துபோன மிஸிஸிப்பியின் கறுப்பினப் பாடகன் அவன். அவனும் முறையான மணவுறவுக்கு வெளியே பிறந்தவன். வளரிளம் பருவத்தில்தான் தன் தகப்பன் பெயரை அறிந்து அதைச் சூடிக்கொண்டவன். ரிப்ளிப் பையன் அந்தக் குரலில் தன்னைக் கேட்டதில் ஆச்சரியமில்லை.

இனி லைலா. கிளப்டன் நண்பர் ஜோர்ஜ் ஹரிசனின் மனைவி பற்றி போய்ட் மீது காதலுற்றிருந்த காலத்தில், நிஸாமியின் கதையை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் இயன் டலஸ். ஸ்கொத்லாந்து நாடகாசிரியர், மொரோக்கோவில் இஸ்லாத்தைத் தழுவி, பின்னாளில் ஷெய்க் அப்துல் காதிர் அஸ்ஸூபி என்று அறியப்பட்டு, 2021இல் மறைந்தவர். நண்பனின் மனைவியைப் பெயர் சொல்லிப் பாட முடியாது, ஆகவே லைலா என்று விமர்சகர்கள் எழுதிவிட்டார்கள். சரிதான். ஆனால் என் வாசிப்பு இன்னும் கொஞ்சம் பின்னே போகிறது. கண்முன்னே இருப்பவளை அவளுக்குரிய சொல்லால் அழைக்க முடியாத நிலை இந்த மனிதனுக்குப் புதிதல்ல. 1954இன் அந்த மாலையிலேயே அவன் அதைப் பழகிவிட்டான். அந்த இசைத்தொகுப்பில் தன் பெயரைக்கூட அவர் முன்னிறுத்தவில்லை. 'டெரெக் அன்ட் த டொமினோஸ்' என்ற குழுப்பெயரின் பின்னால் ஒளிந்துகொண்டார். பெயரை மறைப்பது அவர் பிறந்த வீட்டின் வழக்கம்.

ஹெரோயின், அதன் பிறகு மது, 1982இலும் 1987இலும் சிகிச்சை. 1991 மார்ச் 20இல், நான்கு வயது மகன் கொனர் நியூயோர்க்கில் 53ஆவது மாடி யன்னலிலிருந்து விழுந்து இறந்தான். இந்தப் பகுதிகளில் நேர்மை இருக்கிறது. தான் ஒருபோதும் காணாத தகப்பனையும் இழந்த மகனையும் ஒரே பார்வையில் பிணைத்து 1998இல் அவர் வெளியிட்ட பாடலைப் பற்றிய குறிப்பும் அப்படியே. எனினும், சிதைந்த ஒவ்வொரு உறவுக்கும் அந்தப் பழைய காயமே சாவியாக நீட்டப்படும்போது அலுப்புத் தட்டுகிறது. பெண்களுக்கு இழைத்த துன்பத்துக்கும் அதே சாவிதான்.

என் பெரிய முறைப்பாடு வேறு. 1976 ஓகஸ்ட் 5இல் பேர்மிங்ஹாம் மேடையில் குடிபோதையில் நின்ற கிளப்டன், குடியேறிகளுக்கு எதிரான அரசியல்வாதி ஈனொக் பவலைப் புகழ்ந்து, வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று பேசினார். இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர்தான் பொப் மார்லியின் பாடலொன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். அந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகவே 'இனவாதத்துக்கு எதிரான றொக்' இயக்கம் பிறந்தது. சுயசரிதை இதைச் சுருக்கமாகக் கடக்கிறது. அது இனவாதமல்ல, மலிவுக் கூலிக் கொள்கை மீதான கண்டனமே என்ற தொனியில் நியாயம் சொல்கிறது. நூல் வெளியான 2007இல், பேச்சு நிகழ்ந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெட்கத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2017இல் வந்த ஆவணப்படத்தையொட்டியே.

எல்லாவற்றுக்கும் குழந்தைப் பருவத்திலிருந்து விளக்கம் கொண்டுவரும் இந்தப் பிரதி, மிக அவசியமான இந்த இடத்தில் மட்டும் குழந்தையை மறந்துவிடுகிறது. இந்த வீட்டில் உன் இடம் நீ நினைக்கும் இடமல்ல என்று கேட்ட பையன், 31 வயதில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் வீடல்ல என்று பிறருக்குச் சொல்கிறான். இதைப் பார்த்திருந்தால் நூல் வேறு தளத்துக்குப் போயிருக்கும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் அவர் புண்படுத்தியவர்களுக்கும் இடையிலானது. எழுத்தாளனாக அவர் அந்தப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

லைலா தொகுப்பை இந்தக் கட்டுரைக்காக மறுபடி கேட்டேன். அதில் 'நான் உன்னவன்' என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு சிறிய பாடல் இருக்கிறது. அதை எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் அச்சாகியுள்ளன: ஒன்று கிளப்டன், மற்றது நிஸாமி.