பழவுயிர்ப் பெயர்களும் தமிழாக்கமும்

அறிவியற் பெயர்கள் அனைத்தையும் தமிழிற் பெயர்த்துவிட வேண்டும் என்னும் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆனால், புதைபடிவ விலங்குகளின் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வகுப்பறையில் வழங்குவது நன்மை பயக்குமா என்பதை ஆசிரியர்கள் ஆராய்தல் வேண்டும்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நம் இலக்கணம் பகுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பழவுயிர்களுக்கு இட்ட பெயர்களுட் பல காரணப் பெயர்களே. எனினும், அவர்கள் கண்ட காரணம் எப்போதும் மெய்யாக இருந்ததில்லை.

அமெரிக்கரான ரிச்சர்டு ஹார்லன், லூசியானாவிற் கிடைத்த பெரியதொரு முள்ளெலும்பைக் கடல்வாழ் ஊர்வன ஒன்றின் எலும்பெனக் கருதி, 1834இல் ‘பாசிலோசாரஸ்’ எனப் பெயரிட்டார். ‘பல்லியரசன்’ என்பது அதன் பொருள். பின்னர், அலபாமாவிற் கிடைத்த எலும்புகளை அவர் இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றின் பற்களை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், கடைவாய்ப் பற்கள் இரட்டை வேருடையன. ஆதலின் அவ்விலங்கு பாலூட்டியே என 1839இல் எடுத்துரைத்தார். அது பண்டைத் திமிங்கிலம்! ‘நுகப்பல்’ எனப் பொருள்படும் ‘சூக்ளோடான்’ என்னும் புதுப்பெயரையும் அவர் மொழிந்தார்.

ஆயினும், நிலைத்தது ஹார்லன் இட்ட பெயரே. முந்தி இட்ட பெயரே செல்லும் என்னும் நெறி, 1842இல் ஸ்டிரிக்லண்டு முதலியோர் வகுத்த விதிகளில் இடம்பெற்றது. இன்றும் விலங்கியலை அதுவே ஆள்கிறது. பெயர் அடிக்கடி மாறினால் நூல்கள் குழம்பும் அன்றோ? ஆகவே, காரணம் பொய்த்த பின்னும் பெயர் வாழ்கிறது. காரணப் பெயராய்ப் பிறந்தது இடுகுறிபோல் நின்றுவிடுகிறது.

அவ்வாண்டிலேயே ஓவன் ‘டைனோசாரியா’ என்னும் பெயரைப் படைத்தார். டைனசோரைப் ‘பயங்கரப் பல்லி’ என எழுதுவோர் இருவகையில் வழுவுகின்றனர். ஓவன் கருதியது அஞ்சத்தக்க பேருருவை. மேலும், டைனசோர் பல்லியன்று. முதலைக்கும் பறவைக்குமே அது நெருங்கிய உறவுடையது.

‘பல்லியரசன்’ என்று மட்டும் படித்த மாணவன், தேர்வில் திமிங்கிலத்தை ஊர்வனவற்றுள் அடக்கினால் குற்றம் எவருடையது?

முள்ளெலும்பு, பாலூட்டி, ஊர்வன, புதைபடிவம் போன்ற பொதுச்சொற்கள் தமிழாகவே இருத்தல் வேண்டும்; அவை கருத்தை விளக்குவன. சிறப்புப் பெயர்களோ அடையாளமாக நிற்பன. அவற்றை ஒலிபெயர்த்து எழுதி, பெயர் பிறந்த வரலாற்றை நல்ல தமிழில் உரைப்பதே தக்கது. அறிவியல் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் திறத்தையும் மாணவர் அதனால் உணர்வர்.