பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்: ஆங்கிலமும் ஸ்பானியமும்

ஒரு மொழியில் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களே பிறிதொரு மொழிக்குப் பெயர்க்கப்படுங்கால் பெரிதும் இடர் விளைப்பன என்பது மொழிபெயர்ப்பிற் பழகியோர் யாவரும் அறிந்ததே. இதற்குக் காரணம் கூறுவோர் அச்சொற்களின் பொருட்பெருக்கத்தைச் சுட்டுவர். ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல், வைத்தல் முதலிய பொருள்களையுடைய ‘செட்’ என்பதாகும். அதன் பொருள்கள் 400க்கு மேற்பட்டனவாக ஆண்டுப் பகுக்கப்பட்டுள்ளன. இவ்வெண்ணிக்கையைக் கண்டு மலைப்பவர், பொருள் மிகுந்தோறும் இடரும் மிகும் என முடிவு செய்தல் இயல்பு. அம்முடிபு பொருந்தாது என்பது எம் கருத்து. பொருள் ஒன்றோ இரண்டோ உடையனவாகத் தோன்றும் சொற்களே ஆங்கிலத்தினின்று ஸ்பானியத்திற்குப் பெயர்ப்போரை மெய்யாகத் தடுமாறச் செய்கின்றன.

இதனை விளக்கத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வகுத்த பாகுபாடு பெரிதும் துணை செய்யும். பலபொருள் ஒருசொல்லை அவர் வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என இரண்டாக்கினார். முன்னையது தான் கொண்டு முடியும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளியப்படும். ‘மா பூத்தது’ என்புழி மரம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ‘மா வீழ்ந்தது’ என்புழியோ மரம் வீழ்ந்ததோ விலங்கு வீழ்ந்ததோ அறிதற்கில்லை. ஆதலின் மாமரம் என்று கிளந்து கூறல் வேண்டும். கிளந்து கூறும் இக்கடமை சொல்லுவோன் மேலது. மொழிபெயர்ப்பாளனோ பிறன் சொல்லியதைச் சொல்லுவோன். முதல்நூலாசிரியன் கிளவாது விட்டதைத் தான் கிளந்து கூற அவனுக்கு உரிமை உண்டா? கிளவாதிருக்க அவன் மொழி இடந்தராதாயின் அவன் செய்யக்கடவது யாது? ஆராயவேண்டிய வினாக்கள் இவையே.

பெறுதற்பொருளதாகிய ‘கெட்’ என்னும் ஆங்கில வினையை முதற்கண் நோக்குவோம். கடிதம் பெறுதல், வீடு சேர்தல், சினம் கொள்ளுதல், முதுமை எய்துதல் ஆகிய அனைத்திற்கும் ஆங்கிலம் இவ்வொரு வினையையே ஆளும். ஸ்பானியத்தில் இவற்றிற்கு முறையே ‘ரெசிபிர்’, ‘யெகார்’, ‘எனோஹார்சே’, ‘என்வெஹேசெர்’ என நான்கு வேறு வினைகள் உள. (ஸ்பானியச் சொற்களை ஈண்டு அமெரிக்கக் கண்டத்தார் ஒலிக்குமாறு எழுதுகின்றோம், ஸ்பெயின் நாட்டார் ஒலிப்பு ஓரோவழி வேறுபடும்.) ஆயினும் இந்நான்கனுள் எதனைக் கொள்வது என்று எவரும் திகைப்பதில்லை. அடுத்து நிற்கும் கடிதமும் வீடும் சினமுமே பொருளை வரையறுத்து விடுகின்றன. இது ‘மா பூத்தது’ என்பதனோடு ஒக்கும். மாணாக்கனுக்கு இது நினைவாற்றலுக்கு ஒரு சுமை. திறனாய்வாளனுக்கு இதில் ஆராய ஒன்றுமில்லை. ‘செட்’ என்பதன் 400 பொருளுள் மிகப் பெரும்பாலனவும் இத்தகையனவே.

இனி, மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்னும் சொல்லைக் காண்க. இதனை எந்த ஆங்கிலேயனும் பலபொருள் ஒருசொல் எனக் கருதான். தமிழரும் அவ்வாறே, நமக்கு நீரில் நீந்துவதும் மீன், அங்காடியில் விற்பதும் மீன். ஸ்பானியமோ நீரில் உயிர்வாழ்வதைப் ‘பெஸ்’ என்றும், பிடிபட்டு உணவானதைப் ‘பெஸ்காதோ’ என்றும் பிரித்துரைக்கும். பின்னது மீன்பிடித்தலைக் குறிக்கும் வினையின் இறந்தகால எச்ச வடிவு. பிடிக்கப்பட்டது என்னும் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றது.

இவ்வேறுபாடு ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ என்னும் நெடுங்கதையைப் பெயர்க்குங்கால் எத்துணைப் பெரிதாகின்றது என்பது எண்ணத்தக்கது. 1952இல் வெளிவந்த அக்கதையைக் கூபாவில் வாழ்ந்த எழுத்தாளர் லினோ நோவாஸ் கால்வோ ஸ்பானியத்திற் பெயர்த்தார்; 1953இல் ஹவானாவின் ‘பொஹேமியா’ இதழில் அது வெளியாயிற்று. கதையின் பெரும்பகுதியில் கிழவன் சாந்தியாகோ தூண்டிலில் அகப்பட்ட பெருமீனை விளித்துப் பேசுகின்றான், அதனை உடன்பிறப்பாகக் கருதுகின்றான், கொல்லவும் துணிகின்றான். கொன்றபின் அவன் உள்ளம் கணக்கிடத் தொடங்குகின்றது: எடை 1,500 ராத்தலுக்கு மேல், அதில் மூன்றில் இரு பங்கு இறைச்சி, ராத்தல் 30 சென்ட் விலை. விளிக்கப்பெற்ற உயிரும் விலையிடப்பெற்ற ஊனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிய ‘ஃபிஷ்’. உடன்பிறப்பு எப்பக்கத்தில் சரக்காக மாறிற்று என்பதை அச்சொல் காட்டிக்கொடுப்பதில்லை. இதனைக் கொன்றது குற்றமா, இதனை உண்போர் இதற்குத் தகுதியுடையரா என்று கிழவன் மனம் உழல்வதற்கு அவ்வொருமையே களமாகின்றது.

ஸ்பானியத்தில் பெயர்ப்போன் விலைக்கணக்கின்போது ‘பெஸ்காதோ’ என்பானாயின் மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் கோடிட்டுக் காட்டியவனாவான். இறுதிவரை ‘பெஸ்’ என்றே கொள்வானாயின் கிழவனின் அன்பை ஆசிரியர் காட்டியதினும் மிகுத்துக் காட்டியவனாவான். இரண்டும் விளக்கவுரையே; விளக்கம் கூறாத மூன்றாம் வழி அம்மொழியில் இல்லை. தேர்ந்தே ஆகவேண்டுமெனின் ‘பெஸ்’ என்பதே சிறக்கும் என்பது எம் துணிபு. சுறாக்கள் தின்று குறைத்த மீனையும் கிழவன் விளித்துப் பேசுகின்றான். உணவை எவரும் விளித்துப் பேசார்.

இக்கதையின் தலைப்பிலேயே பிறிதொரு சிக்கல் உண்டு. கடலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘மார்’. அஃது ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வழங்கும். அன்புடையோர் அதனைப் பெண்பாலாக்கி ‘லா மார்’ என்பர் என்றும், இயந்திரப் படகுடைய இளைஞர் சிலர் ஆண்பாலாக்கி ‘எல் மார்’ என்பர் என்றும், கிழவன் எப்பொழுதும் பெண்ணாகவே எண்ணினான் என்றும் ஹெமிங்வேயே கதையுள் விளக்குகின்றார். ஆயின் ஸ்பானியத் தலைப்பில் நிற்பதோ ஆண்பால். பொது வழக்கிற்கு அதுவே இயல்பு என்று அமைதி கூறலாம். எனினும் கிழவன் தன் வாயாற் சொல்லாத சொல் அவன் கதைக்குத் தலைப்பாயிற்று. ஆங்கிலச் சொல்லுக்குப் பால் இன்மையால் அங்கு இச்சிக்கல் எழவே இல்லை.

இருத்தலையும் ஆதலையும் ஒருங்கே குறிக்கும் ‘பீ’ என்னும் ஆங்கில வினை இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது. ஸ்பானியம் இதனைச் ‘செர்’, ‘எஸ்தார்’ என இரண்டாகப் பிரிக்கும். பயிற்று நூல்கள் பல, நிலைபேறுடையதற்குச் ‘செர்’, நிலையாததற்கு ‘எஸ்தார்’ என ஓர் எளிய விதி கூறுகின்றன. இவ்விதி தொடக்க மாணாக்கர்க்கு ஊன்றுகோல் ஆகலாம், இலக்கணம் ஆகாது. இறப்பினும் நிலையானது யாது? ஒருவன் இறந்து கிடக்கின்றான் என்பதற்கு வருவது ‘எஸ்தார்’. மத்ரீத் நகரம் ஸ்பெயினில் உள்ளது என்பதற்கும் அதுவே. கணந்தோறும் மாறும் மணியைக் கூறுதற்கோ ‘செர்’ வருகின்றது. விருந்து இன்னார் வீட்டில் நிகழும் என்னுமிடத்தும் ‘செர்’ என்பதே மரபு. ஆகவே இவ்விரண்டும் காலத்தின் நீட்சி பற்றிப் பிரிந்தன அல்ல. ஒன்று இன்னது எனத் தன்மை வரையறுப்பதும், ஒன்று இந்நிலையில் உளது என நிலை கூறுவதும் பற்றிப் பிரிந்தன என்று கொள்ளுதல் ஓரளவு பொருந்தும். ‘ஆப்பிள் பச்சை’ என்னும் ஆங்கிலத் தொடரைச் ‘செர்’ கொண்டு பெயர்த்தால் நிறம் பச்சை. ‘எஸ்தார்’ கொண்டு பெயர்த்தால் இன்னும் கனியவில்லை. ‘இது பச்சை’ என்பதற்கும் ‘இது பச்சையாக இருக்கிறது’ என்பதற்கும் தமிழில் உணரப்படும் வேறுபாடு இதற்கு ஒருபுடை ஒப்பு.

இவ்வினையின் அருமை ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியில் வெளிப்படும். அந்நாடகத்தை ஆங்கில மூலத்தினின்று நேரே ஸ்பானியத்திற் பெயர்த்து 1798இல் வெளியிட்ட நாடகாசிரியர் மொராத்தீன், அவ்வினைக்குச் ‘செர்’ என்பதையும் கொள்ளாது ‘எக்சிஸ்திர்’, அதாவது உளதாதல், என்று எழுதினார். பின்வந்தோரிடம் ‘செர்’ என்பதே நிலைபெற்றது. மொராத்தீன் பிழைபட்டார் என்போர் உளர்; அஃது அவர்க்கு நீதி செய்வதாகாது. உயிர்வாழ்வதா மடிவதா என்பதே அவ்விடத்து வினா எனக் கொண்டு அதனைத் தெளிவுறுத்தினார் அவர். ஆனால் தெளிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. உயிர்வாழ்தலும், செயல்படுதலும், தான் தானாக இருத்தலும் ஒரு சொல்லிற் பின்னிக் கிடந்த நிலை அவர் கையில் அறுபட்டது. ‘செர்’ கொண்டோர் அப்பின்னலைக் காத்தனர். எனினும் ‘செர்’ என்பது நிரப்புச்சொல் ஏதுமின்றித் தனித்து நிற்றல் ஸ்பானிய உலகவழக்கில் அரிது. அங்ஙனம் நின்றால் மெய்யியலாரின் நடையாகி விடும். ஆங்கில இளவரசன் சிறுமகாரும் அறிந்த சொல்லால் கேட்ட வினாவை ஸ்பானிய இளவரசன் தத்துவ நூலின் சொல்லால் கேட்கின்றான். இவ்வேறுபாட்டை அகராதி எதுவும் எண்ணிட்டுக் காட்டாது.

முன்னிலைப் பெயரைப் பற்றிச் சுருங்கக் கூறுதல் போதும். ஆங்கிலத்தின் ‘யூ’ ஸ்பானியத்தில் ‘தூ’ ஆகவோ ‘உஸ்தெத்’ ஆகவோ பிரியும். அர்ஜென்டினாவில் ‘வோஸ்’ என்பதும் உண்டு. நீ, நீங்கள் என்று பிரித்து வழங்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலப் புதினத்தில் இருவர் நெருக்கம் எந்தப் பக்கத்தில் தொடங்கிற்று என்பதைப் பெயர்ப்போன் தானே முடிவு செய்யவேண்டியுள்ளது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் ஒன்றுண்டு. 1940இல் வெளிவந்த ‘யாருக்காக மணி ஒலிக்கிறது’ என்னும் புதினத்தில், ஸ்பானியர் தம்முள் ‘தூ’ என்று பேசுவதை ஆங்கிலத்தில் உணர்த்த விரும்பிய ஹெமிங்வே, வழக்கிறந்த ‘தௌ’ என்னும் சொல்லை உயிர்ப்பித்தார். நூல் ஸ்பானியத்திற்குச் சென்றதும் அப்பழஞ்சொல் மீண்டும் அன்றாடத் ‘தூ’ ஆயிற்று. ஆசிரியர் முயன்று ஆக்கிய விந்தை முழுதும் கரைந்தது.

இத்தகைய இடங்களில் அடிக்குறிப்பு எழுதி ஐயம் அகற்றலாம் என்பாரும் உளர். ஆராய்ச்சிப் பதிப்பிற்கு அது தகும். கதை படிப்போன் அடிக்குறிப்பிற் கண்ணோட்டிய கணத்தே கதைக்குப் புறத்தனாகின்றான். மேடையிலோ அடிக்குறிப்பிற்கு இடமே இல்லை.

ஸ்பானியம் பிரித்துக்கூறும் மொழி, ஆங்கிலம் பிரியாது கூறும் மொழி என்று இதனாற் கொள்ளலாகாது. காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பியிருத்தல் ஆகிய மூன்றையும் ‘எஸ்பெரார்’ என்னும் ஒரே வினை அங்கே தாங்குகின்றது. ஆங்கிலத்திற்கு மூன்று வினை வேண்டும். உறக்கத்தையும் கனவையும் ஒருங்கே குறிப்பது ‘சுவெஞோ’ என்னும் பெயர். கால்தெரோனின் ‘லா வீதா எஸ் சுவெஞோ’ என்னும் நாடகம் (1635) இப்பெயரைத் தலைப்பிற் கொண்டது. ‘வாழ்க்கை ஒரு கனவு’ என்னும் பொருள்பட வழங்கும் ஆங்கிலத் தலைப்பு இரண்டனுள் ஒன்றையே எடுத்துக்கொண்டது. கோபுரத்திற் சிறைப்பட்ட இளவரசன் செகிஸ்முந்தோ மருந்தூட்டப்பெற்று உறங்குகின்றான், அரண்மனையில் விழிக்கின்றான், மீண்டும் மருந்தால் உறங்கிச் சிறையில் விழிக்கின்றான், கண்டதெல்லாம் கனவு என அவனுக்குச் சொல்லப்படுகின்றது. உறக்கம் நாடகத்தின் நிகழ்ச்சி; கனவு அதற்குப் பிறர் கூறும் பெயர். ஸ்பானிய அவையோர் தலைப்பில் இரண்டையும் கேட்டனர். ஆங்கில அவையோர் கேட்டது, செகிஸ்முந்தோவிடம் பிறர் சொல்லியதை மட்டுமே.