வயதைப் பார்த்து வாங்கும் பொருள் அல்ல

சென்னை தேனாம்பேட்டை சிக்னலில் நிற்கும் கார்களின் பின்சீட்டில் கைக்குழந்தை பெரும்பாலும் அம்மா மடியிலோ பாட்டி மடியிலோதான் இருக்கும். எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து பாண்டிபஜார் போவதற்கெல்லாம் தனி சீட்டா என்பார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைத் தடுத்துப் பிடிக்க ஏறக்குறைய 125 கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். எந்தப் பாட்டியின் கைக்கும் அது கிடையாது.

சட்டமும் இருக்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது.

கடைகளில் அதிகம் விற்பது, பிறந்ததிலிருந்து 18 கிலோ வரை தாங்கும் 'கன்வர்டிபிள்' வகை. ஐ.நா.வின் குழந்தை சீட் விதியான ஆர்44 தரப்படி இதைப் பின்னோக்கி 13 கிலோ வரையும், முன்னோக்கி 9 முதல் 18 கிலோ வரையும் வைக்கலாம். சிக்கலே அந்த 9-க்கும் 13-க்கும் நடுவில்தான். முதல் பிறந்தநாள் முடிந்ததும் பலர் சீட்டைத் திருப்பிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கால்வாசி; கழுத்தெலும்பு இன்னும் இறுகியிருக்காது. பின்னோக்கி உட்கார்ந்தால் மோதலின் வேகத்தை முதுகும் தலையும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துக் கிளம்புவதைக் கண்டுதான் ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன் 1964-இல் இப்படியொரு சீட்டைச் செய்து பார்த்தார். புதிய ஆர்129 தரம் 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது.

சின்ன காரில் பின்னோக்கி வைத்தால் முன்சீட்டை நன்றாக முன்னே தள்ள வேண்டிவரும். அதனால் டிரைவருக்குப் பின்னால் வேண்டாம், இடதுபக்கம் வைப்பதே வசதி. பிளாட்பாரப் பக்கமாகவே இறக்கலாம். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கி வைப்பது உயிருக்கே ஆபத்து. முழங்காலைச் சீட்டில் ஊன்றி பெல்ட்டை இழுத்துக் கட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். தோள்பட்டை வாரை விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால் அது தளர்வு.

சென்னைக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. வெயிலில் நின்ற காரில் பக்கிள் சுடும். முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைக்குக் காலிடை வார் ஒழுங்காகப் படியாது. பாவாடையைக் கல்யாண மண்டபத்தில் போய்க் கட்டிவிடுவதே மேல்.

18 கிலோ தாண்டியதும் பல வீடுகளில் சீட் பரணுக்குப் போய்விடுகிறது. அடுத்து வேண்டியது, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர். அது இல்லாமல் உட்கார்ந்தால் பெரியவர்களின் பெல்ட் பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும் ஏறும். பெல்ட் தோளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் படியும் உயரம், சுமார் 135 முதல் 150 சென்டிமீட்டர், வரும்வரை பூஸ்டரை விடக் கூடாது.

உறவுக்காரர் வீட்டுப் பழைய சீட் கிடைத்தால், அது இருந்த கார் எங்காவது மோதியதா என்று கேட்டுவிட வேண்டும். மோதியிருந்தால் வேண்டாம்.