மூச்சு திரும்பிய பிறகு

சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசைச் செல்களின் பீட்டா-2 ஏற்பிகளில் அது போய் ஒட்டுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது, கால்சியம் குறைகிறது, இறுகிய தசை தளர்கிறது. ஐந்தாறு நிமிடங்களில் கிடைக்கும் ஆசுவாசம் 4 முதல் 6 மணி நேரம் நிலைக்கும்.

இதற்கு முன்பிருந்த ஐசோபிரினலின் இதயத்தையும் சேர்த்தே விரட்டியது. பிரிட்டனில் அதன் வீரியம் கூடிய இன்ஹேலர்கள் பரவிய 1960களில் ஆஸ்துமா மரணங்கள் பெருகின. டேவிட் ஜாக் குழுவின் சால்பியூட்டமால் 1969இல் சந்தைக்கு வந்தது. இதயத்தைப் பெருமளவு விட்டுவைத்து மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அதன் குணம் மருந்தியலின் அருஞ்சாதனை.

அதை மட்டுமே நம்பும் வழக்கம்தான் ஆபத்து. ஆஸ்துமாவின் வேர் அழற்சி: குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. அதைச் சால்பியூட்டமால் தணிப்பதில்லை. தணிக்கக்கூடிய ஸ்டீராய்டு இன்ஹேலரோ உடனடிச் சுகம் எதையும் தராததால் மூலையில் கிடக்கிறது. தினமும் சால்பியூட்டமால் எடுக்க எடுக்க ஏற்பிகளும் மந்தமாகின்றன.

பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு அறிக்கை நெஞ்சை உலுக்குவது. இறந்தவர்களில், சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர்கள் எத்தனை எழுதித்தரப்பட்டன என்ற கணக்கு கிடைத்தவர்கள் 165 பேர். அவர்களில் 65 பேருக்குக் கடைசி ஓராண்டில் 12க்கும் அதிகமாகத் தந்திருந்தார்கள். சிலருக்கு 50க்கும் மேல். ஒவ்வொரு மருந்துச்சீட்டும் ஓர் எச்சரிக்கை. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ‘பம்ப் அடித்தால் பழகிவிடும்’ என்று அஞ்சி, வீசிங் வந்தால் மாத்திரை கேட்பவர்கள் பலர். 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று, அளவில் 40 அழுத்தல்களுக்குச் சமம். அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுவதால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பம்ப் மீதான அச்சத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவர்களுடையது.

உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுக்கும் சிகிச்சையை 2019இல் கைவிட்டது. ஃபார்மோட்டிரால், புடெசொனைடு இரண்டும் சேர்ந்த இன்ஹேலரை முன்வைத்தது. முதலாவது விரைவாகத் தசையைத் தளர்த்தும். இரண்டாவது அழற்சியைத் தணிக்கும். திணறும்போது மட்டுமே மருந்தைத் தேடுபவருக்கும் ஸ்டீராய்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோயாளியின் இயல்பைப் புரிந்துகொண்ட மாற்றம் இது. இந்தக் கூட்டு இன்ஹேலரின் விலை சால்பியூட்டமாலைவிடக் கூடுதல் என்பதே தடை. அரசு மருத்துவமனைகளில் இது தட்டுப்பாடின்றிக் கிடைத்தாக வேண்டும்.