கான்சர்டினா: முகப்பும் உள்வேலையும்

வீட்ஸ்டன் என்றதும் பள்ளி இயற்பியல்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் சமனச் சுற்று. அந்தச் சுற்றை முதலில் கண்டவர் சாமுவேல் கிறிஸ்டி. எடுத்துப் பரப்பியவர் வீட்ஸ்டன் என்பதால் பெயர் அவருக்குப் போய்விட்டது. சார்லஸ் வீட்ஸ்டன் முழு உரிமையோடு தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியது வேறொன்று. லண்டனில் இசைக்கருவி வணிகக் குடும்பத்தில் வந்த அவர், வாயால் ஊதும் சிம்ஃபோனியம் என்ற சிறு கருவிக்கு 1829இல் காப்புரிமை பெற்றார். பிறகு ஊதும் வாய்க்குப் பதில் துருத்தி வந்தது. அதுதான் கான்சர்டினா. இரண்டு கைக்கும் நடுவே விரிந்து சுருங்கும் ஆறுபக்கப் பெட்டி. நம் ஆர்மோனியத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் ஒன்றுவிட்ட உறவு.

ஏறக்குறைய அதே காலத்தில், 1834இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் ஊரில் கார்ல் ஃபிரெட்ரிக் ஊலிக் என்பவர் தனியாக இன்னொரு வகையைச் செய்தார். வீட்ஸ்டனின் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், துருத்தியை இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரே ஸ்வரம். ஊலிக்கின் கருவியில் இழுத்தால் ஒன்று, அமுக்கினால் வேறொன்று. கான்சர்டினா கட்டுவோரின் மரபுகள் எல்லாம் இந்த இரண்டு வேர்களிலிருந்து கிளைத்தவை. ஜெர்மன் ஸ்வர அமைப்பை எடுத்து லண்டன் வேலைப்பாட்டில் கட்டிய கலப்பு வகைக்கு ஆங்லோ என்று பெயர். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக் கலைஞர்கள் இன்று தேடித் திரிவது இந்த ஆங்லோவைத்தான்.

லண்டன் மரபின் கண்ணுக்கு அடக்கமே அழகு. முகப்புப் பலகையில் கொடியும் சுருளுமாக நுண்ணிய துளைவேலை இருக்கும். ஒலி வெளியே வர அதுதான் வழி. பலகை ஈட்டி மரமாகவோ கருங்காலியாகவோ இருக்கும். வசதி படைத்தவர்களுக்கு அம்பாய்னா என்ற கணுமரம், இன்னும் மேலே போனால் ஆமை ஓடு, தங்கமுலாம் பூசிய பொத்தான். வீட்ஸ்டன் பட்டறையில் வேலை பார்த்துப் பிறகு தனியே தொழில் தொடங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் லூயி லாஷனால், எந்திர உதவியோடு ஏராளமாகச் செய்து எல்லாப் பைக்கும் ஏற்ற தரவரிசை வைத்தார். அடித்தட்டில் மகாகனி முகப்பும் எலும்புப் பொத்தானும். மேலே ஏற ஏற மரமும் உலோகமும் மாறும். ஆறு பக்கம் போதாதென்று வீட்ஸ்டன் நிறுவனம் எட்டுப் பக்க 'ஈயோலா'வையும், லாஷனால் நிறுவனம் பன்னிரண்டு பக்க 'இடியோஃபோன்' என்பதையும் கொண்டுவந்தன. பக்கம் கூடியதால் பார்வைக்குக் கம்பீரம் கூடியது உண்மை.

லண்டன் பிரேட் தெருவில் கடை வைத்திருந்த சார்லஸ் ஜெஃப்ரீஸ் இந்த வரிசையில் சேராதவர். அவர் கருவிகளில் முகப்பு பெரும்பாலும் உலோகம். துளைவேலைக்கு நடுவே தம் பெயரைப் பொறித்துவிடுவார். அலங்காரம் என்று பார்த்தால் ஈயோலாவுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் நடனக் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்கும் ஒலி அதற்குண்டு. உலோக முகப்பால்தான் அந்தக் கூர்மை என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். முகப்புக்குப் பங்கு உண்டு. பெரும் பங்கு உள்ளே காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்பும் ரீடுக்கும் அது உட்காரும் அறைக்கும்தான் என்பது என் கணிப்பு.

ஜெர்மன் கிளை அமெரிக்காவுக்குப் போனதும் அடக்கம் எல்லாம் கடலோடு போயிற்று. சிகாகோவிலும் மினசோட்டாவிலும் போல்கா வாசிப்பவர்கள் மடியில் வைத்திருக்கும் பெரிய சதுர கெம்னிட்ஸர் கான்சர்டினாவில் முத்துச்சிப்பிப் பளபளப்பும் பதித்த கண்ணாடிக் கற்களும் மேடை விளக்கில் மின்னும்; முகப்பில் சொந்தக்காரரின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். நியூ உல்ம் ஊரில் இவற்றைக் கையால் கட்டிய கிறிஸ்டி ஹெங்கலுக்கு 1989இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. லண்டன் ரசனையோடு வந்து இதைப் பகட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்யாண மண்டபத்தில் வாசிக்கும் கருவி கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உடுத்திக்கொள்வதில் என்ன தவறு?

இனி உள்ளே போவோம். தரம் அங்கேதான் தெரியும். லண்டன் மரபின் ரீடில் எஃகு நாக்கு ஒன்று பித்தளைச் சட்டத்தின் மேல் இரண்டு சிறு திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் பக்கவாட்டு ஓரங்கள் சரிவாக ராவப்பட்டவை. அடியில் அகன்றும் மேலே குறுகியும் வெட்டிய மரக்குழியில், மெழுகோ ஆணியோ இல்லாமல், விரலால் தள்ளினால் நழுவிப் போய் இறுகிக்கொள்ளும். நாக்கு சட்டத்தைத் தொடாமல், ஆனால் காற்று வீணாகாத அளவு நெருக்கத்தில் அதிர வேண்டும். சுருதி கூட்ட வேண்டுமானால் நுனியில் ராவ வேண்டும். குறைக்க வேண்டுமானால் அடிப்பக்கத்தில். 48 பொத்தான் கொண்ட வீட்ஸ்டன் வகையில் பொத்தானுக்கு இரண்டு நாக்கு, மொத்தம் 96. ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. மாறாக ஜெர்மன் மரபில் பல நாக்குகளை நீண்ட ஒரே தகட்டில் அறைந்துவிடுவார்கள். செலவு குறையும், ஒலியின் நிறமும் வேறாகும்.

மரக்குழிப் பொருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. காற்று வறண்டால் மரம் சுருங்கி ரீடு தளர்ந்து கரகரக்கும். ஈரம் ஏறினால் மரம் வீங்கிச் சட்டத்தை நெரிக்கும். அதனால்தான் பல ஆண்டுகள் உலர்ந்த பலகைக்காகக் கட்டுவோர் காத்திருக்கிறார்கள். துருத்தியும் அப்படித்தான். ஆறு மடிப்புக்கு 70க்கு மேற்பட்ட அட்டைத் துண்டுகளை வெட்டி, மூட்டுகளில் துணியும் ஆட்டுத்தோலும் ஒட்டி, மூலைகளில் காகிதம்போல் சீவிய தோலை மடித்துப் பொருத்த வேண்டும். சீவியது தடித்தால் மடிப்பு மூடாது. மெலிந்தால் சில வருடத்தில் மூலை கிழியும். மேலே ஒட்டும் கோலக் காகிதத்தைத்தான் வாங்குபவர் பார்க்கிறார்.

பொருள்களின் காலமும் மாறிவிட்டது. 2017இல் ஈட்டி வகை மரங்கள் மொத்தமாகப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. பிரிட்டனில் 2022 முதல் தந்த வணிகம் தடை. 1975க்கு முந்தைய, 20 சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தமுள்ள கருவிகளைப் பதிவு செய்துவிட்டு விற்கலாம். இங்கிலாந்தின் டிப்பர், ஜெர்மனியின் சூட்னர் போன்றவர்கள் பழைய லண்டன் முறையில் ரீடு செய்து கட்டியதால் அந்தக் கைவேலை அறுந்துபோகவில்லை. வீட்ஸ்டன் நிறுவனத்தின் பழைய பேரேடுகளும், 1996இல் சேர்ந்த பெரிய கான்சர்டினாத் தொகுப்பும் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

பழைய கருவி ஒன்றை வாங்க நினைக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். முகப்பின் மினுமினுப்பை ரசியுங்கள். பிறகு ஓரத்திலுள்ள திருகுகளைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.